குளம்படி நீர்

எங்கள் ஆற்றின் பெயர் வழுக்கை.
மாசி பிறந்தால் தலையில் ஒரு மயிரளவு ஈரமும் இராது.
கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
'ஓடையின் சராசரி ஆழம்' என்றொரு பெட்டி.
நான் நிரப்பினேன்:
மார்கழியில் முழங்கால். பங்குனியில் கிரிக்கெட்.

கந்தரோடை மதகடியில்
வலையை நீரோட்டத்துக்கு எதிரே நாட்டி
மூன்று நிமிடம் சேற்றை உதைக்கிறேன்.
பிறேமினி மணிக்கூடு பார்க்கிறாள்.
பாலத்தில் சைக்கிளை நிறுத்தின இரண்டு பெடியள்:
"அக்கா, மோதிரம் விழுந்திட்டுதோ?"
ஓமென்று தலையாட்டினேன்.
முள்ளந்தண்டிலிகளைத் தேடுகிறேன் என்றால்,
ஊருக்குள்ளேயே கனபேர் இருக்கினமே,
ஆத்துக்குள்ள ஏன் இறங்கினனீங்கள் என்பார்கள்.

வெள்ளைத் தட்டில் நீர் தெளியவேணும்.
முதலில் ஒன்றுமில்லை.
இலைத்தூள், சுண்ணாம்புப் பொடி,
ஷாம்பூ பைக்கற்றின் ஒரு மூலை.
பிறகு அந்த ஒன்றுமில்லாதது
மெல்ல நகரத் தொடங்கும்.
மல்லாந்து கிடந்து துடுப்பு வலிக்கும் ஒரு பூச்சி.
நகத்தில் பாதியளவு நத்தை.
தும்பியின் அணங்கு.

அணங்கு.
மூன்றாம் பாடம் தமிழ்: தீண்டி வருத்தும் தெய்வம்.
நாலாம் பாடம் விஞ்ஞானம்: இறகு முளையாத பூச்சி.
இடையில் மணி அடித்தது, அவ்வளவுதான்.
இரண்டுமே நீர்த்துறையில் இருக்கும் என்பதை
எந்த ரீச்சரும் சொல்லவில்லை.

சரி, இது ஏன் இந்தக் கல்லுக்குக் கீழே?
பக்கத்துக் கல்லுக்குக் கீழே ஏன் இல்லை?
குனிந்து பார்த்தால் பாசி, நிழல்.
நிமிர்ந்து பார்த்தால்
கரையில் இப்பில் மரங்களை யாரோ தறித்திருக்கிறார்கள்.
மதகில் ஏறி நின்றால் வெங்காயத் தறை,
தறை முழுக்க யூரியா தின்ற பச்சை.
செய்மதிப் படத்தில் ஆறே
ஒரு நகக்கீறல்.
அதற்கும் அடியில் ஓட்டை ஓட்டையாய்ச் சுண்ணாம்புக்கல்,
பெய்கிற மழை ஆறாகும் முன்னே
பாதியைக் குடித்துவிடுகிற கல்.
எந்த உயரத்தில் நின்று கேட்பது?

நவாலியில் எங்களுடைய ஒன்பதாம் புள்ளி.
சிவகடாட்சத்தாருக்கு அது புள்ளி அல்ல,
தோட்டத்தால் வீட்டுக்குப் போகிற வழியில்
மருந்தடிக்கிற மெசினைக் கழுவத்
தண்ணி நிற்கிற இடம்.
கழுவினார். எங்களுக்கு இரண்டு கத்தரிக்காயும் தந்தார்.
அடுத்த கிழமை தட்டில்
செம்புழுக்கள் மட்டும்.
காற்றில்லாத சேற்றிலும் மூச்சுவிட
உடம்புக்குள் சிவப்பு வைத்திருப்பவை.
அவற்றை என்ன சொல்ல.
மிஞ்சத் தெரிந்தவை மிஞ்சியிருந்தன.
கத்தரிக்காயை நாங்கள் சமைத்தோம்.

அராலியில் அணைக்கதவு.
இந்தப் பக்கம் நத்தையும் நுளம்புக் குடம்பியும்,
அந்தப் பக்கம் கடல்நீரில் வேறொரு குடித்தனம்.
நடுவே நாலங்குலப் பலகை.
அளவெட்டி தொடங்கி ஆறு முழுக்க நடந்தும்
காணாத வித்தியாசத்தை
நாலங்குலத்தில் கண்டோம்.

கணினி இரண்டு நாள் யோசித்தது.
கல்லுக்கு இவ்வளவு, கரைக்கு இவ்வளவு,
நிலத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தது.
காணிப் பிணக்கு மாதிரித்தான்.
கடைசி வரியில் ஐம்பத்திரண்டு வீதம்:
'விளக்கப்படாதது.'
பிறேமினி அழவில்லை. தேத்தண்ணி போட்டாள்.

மாசி. அளவெட்டிப் பக்கம் ஆறு
வெடித்த மண்.
உபகரணங்களைக் கட்டிவைக்கப் போனபோது
ஒரு மாட்டுக் குளம்படியில்
உள்ளங்கையளவு தண்ணீர்.
குளம்புக்குள் ஒரு குளம்; சொல்லைப் பிரித்தால்
எப்போதும் அங்கேதான் இருந்தது.
அதற்குள் மூன்று வால் விரித்து
ஓர் அணங்கு.
ஆறு முழுக்க உதைத்தும்
பதினான்கு புள்ளியிலும் வலையில் விழாத இனம்.

"இதை எந்த அளவில பதியிறது?"
என்று கேட்டாள்.
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.
பேனை மூடியைக் கடித்தபடி நின்றேன்.
பிறகு ஆற்றுக்குள்ளே, கயிறு இழுபட,
அந்த மாடு
வந்த வழியே திரும்பி வருகிறது.
நாங்கள் விலகி நின்றோம்.